பிரிட்ஜ் காய்கறிப் பைகள்: வலையா, துணியா, டப்பாவா? எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆறு, பன்னிரண்டு என்று செட்டாக விற்கும் ஜிப் வைத்த வலைப்பைகளை வாங்கி, எல்லாக் காயையும் பிரித்துப் போட்டு அடுக்கினால் பிரிட்ஜ் பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டாம் நாளே கொத்தமல்லி தலை தொங்கும். நாலைந்து நாளில் கேரட்டை வளைத்தால் வளையும். அதே செட்டில் பீன்ஸும் வெண்டைக்காயும் குறையில்லாமல் இருக்கும். பை ஒன்றுதான், காய்தான் வேறு. எந்தக் காய் எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்பது தெளிந்துவிடும்.

இங்கே பார்க்கப்போவது மூன்று: நைலான் வலைப்பை, கனமான பருத்தித் துணிப்பை, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா. கூடவே "காயை வாரக்கணக்கில் பசுமையாக வைக்கும்" என்று விற்கும் பச்சைப் பைகளையும் சின்னப் பொட்டலங்களையும் பற்றி இரண்டு வார்த்தை.

பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தண்ணீரையும் இழந்துகொண்டே இருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு போனாலே கீரை துவண்டுவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இலைமேல் தண்ணீர் படிந்து நின்றால் அங்கே பாக்டீரியா பெருகி, இலை கொழகொழவென்று அழுகும். ஆக, நல்ல பை என்றால் உள்ளே இருக்கும் காற்று ஈரமாக இருக்க வேண்டும், இலை காய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்கிற பைதான் காசுக்குத் தகும்.

உங்கள் வீட்டுப் பிரிட்ஜ் எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். இரட்டைக் கதவு, ஐஸ் கட்டாத வகையில் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்று வறண்டிருக்கும், திறந்து வைத்ததெல்லாம் சீக்கிரம் வாடும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் அந்த வறட்சி குறைவு. ஆனால் பின்சுவரில் ஐஸ் படியும். சுவரை ஒட்டி வைத்த கீரை இரவோடு இரவாக உறைந்து, மறுநாள் கருத்த பசையாகிவிடும். எந்தப் பையும் இதிலிருந்து காப்பாற்றாது. சுவருக்கும் பைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

குமிழில் இருக்கும் எண் டிகிரி அல்ல, பெரும்பாலான பிரிட்ஜ்களில் எண் ஏற ஏறக் குளிர் கூடும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இரவு முழுக்க வைத்து, காலையில் 4 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். பால், மாவு, குழம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. கீழே இருக்கும் காய்கறித் தட்டு பொதுவாக இதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். காய்க்கு அது நல்லதே.

வலைப்பையிலிருந்து தொடங்கலாம். இதன் பெரிய பலம், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது. வீட்டில் காய் வீணாவதற்கு அழுகல் மட்டும் காரணமில்லை, இருப்பதை மறந்துபோவதும் காரணம். அந்த வகையில் வலைப்பை உண்மையாகவே உதவும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலையை அது செய்யவே செய்யாது. கண்ணிகள் வழியே காற்று போய்வரும், காய் வாடும். ஆகவே ஈரம் பட்டால் கெடுகிற காய்களுக்கு மட்டும் இதை வையுங்கள்: வெண்டைக்காய், பீன்ஸ், அவரை, கொத்தவரை, பாகற்காய். அதையும் காய்கறித் தட்டுக்குள் வைத்து மூடிவிட வேண்டும். திறந்த தட்டில் வைத்தால் பீன்ஸும் சுருங்கும்.

வெண்டைக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் தெளித்த தண்ணீரோடு பையில் போட்டால் மறுநாளே பிசுபிசுக்கும், காம்புப் பக்கம் பூஞ்சணம் தெரியும். துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் விசிறிக்கடியில் பரப்பி, பிறகு பையில் போடுங்கள். 7 டிகிரிக்குக் கீழே அது குளிரைத் தாங்காது. மேலே கரும்புள்ளிகளும் குழிகளும் விழும். அதனால் பிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான் கணக்கு.

வலைப்பை வாங்குவதாக இருந்தால் ஜிப்பைப் பாருங்கள். ஓட்டி உலோகமாக இருந்தால் ஈரத்தில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஓட்டி நல்லது. உள்தையலை விரலால் தடவுங்கள். நூல் பிரிந்து நின்றால் இலைத் துணுக்குகள் அங்கே மாட்டி அழுகி, பை முழுக்க வாடை பிடிக்கும். பன்னிரண்டு பை எந்த வீட்டுக்கும் வேண்டாம். மூன்று போதும்.

துணிப்பைதான் இந்தப் பட்டியலில் முதலிடம், அதுவும் கீரைக்கு. வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நெசவு வழியே வெளிச்சம் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் அது மெலிசு, ஒரே நாளில் ஈரம் போய்விடும். வெளுக்காத, சாயமேற்றாத, நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். பை புதிதாக இருக்கும்போது அதில் கஞ்சிப்பசை இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. வெந்நீரில் இரண்டு முறை அலசிய பிறகுதான் உபயோகிக்க வேண்டும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இதில் உண்டு. துணிப்பையைக் காய்ந்தபடியே வைத்தால் அது கீரையிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், வலைப்பையைவிட மோசமாகிவிடும். நனைத்து அப்படியே போட்டால் தண்ணீர் சொட்டி, அடியில் இருக்கும் இலை அழுகும். பையை நனைத்து, முறுக்கி, இனி ஒரு சொட்டும் வராது என்கிற அளவுக்குப் பிழிந்து, உதறிவிட்டுக் கீரையைப் போடுங்கள். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், கை நனையக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, காய்ந்திருந்தால் கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்தால் போதும்.

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எதுவானாலும் மண்ணோடு இருக்கும் வேரை வெட்டிவிடுங்கள், கட்டை அவிழ்த்துவிடுங்கள், கழுவாதீர்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். மஞ்சள் இலை, நசுங்கிய இலை ஒன்று உள்ளே போனாலும் மற்றவற்றையும் கெடுக்கும். இப்படிச் செய்தால் கீரை மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை, கீரை என்பது அவ்வளவு மென்மையான பொருள்.

முருங்கைக்கீரைக்கு இந்தப் பை வேறொரு வேலையும் செய்யும். மாலையில் வாங்கிய கொத்துகளைக் காய்ந்த துணிப்பையில் இறுக்கிக் கட்டிப் பிரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டால், உள்ளே சேரும் எத்திலீனால் (காயும் கீரையும் தாமே விடும், பழுக்க வைக்கும் வாயு) இணுக்குகள் தளர்ந்துவிடும். காலையில் பையை நாலு தட்டுத் தட்டி உதறினால் இலைகள் பாதிக்கு மேல் தானாக உதிரும். உட்கார்ந்து ஆய்கிற நேரம் மிச்சம். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் பழுக்கத் தொடங்கிவிடும்.

துணிப்பையின் குறை, உள்ளே இருப்பது தெரியாது. பின்னால் தள்ளிவிட்டால் அந்தப் பையும் கீரையும் ஒரு வாரம் கழித்து மூக்கு சொல்லித்தான் நினைவுக்கு வரும். நாடாவில் ஒரு அட்டைத் துண்டைக் கட்டி, காயின் பெயரையும் வாங்கிய கிழமையையும் எழுதுங்கள். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். மளிகைக் கடைக்காரர் அடுக்குகிற முறைதான் இது. வீட்டிலும் அதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல பை வாங்கினாலும் பயனில்லை.

கடைப் பைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் தைத்துக்கொள்ளலாம், அதுதான் என் முதல் பரிந்துரையும். 90 செ.மீ. அகலமுள்ள காடாத் துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் காயவையுங்கள். காடாத் துணி நன்றாகச் சுருங்கும்; தைத்த பிறகு சுருங்கினால் பை கோணலாகிவிடும். பிறகு நீளத்தில் 33 செ.மீ. வீதம் மூன்று துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் அகலவாட்டில் இரண்டாக மடித்து, இரு பக்கமும் இரட்டைத் தையல் போட்டால் ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் மூன்று பை கிடைக்கும். ஒரு கட்டு கீரை தாராளமாகப் போகிற அளவு. தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே விட்டால் அந்த இடுக்கில்தான் இலைத் துணுக்கு ஒளிந்துகொள்ளும். மேலே பருத்தி நாடா கோர்த்துவிடுங்கள். பழைய வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தாலும் இதே வேலையைச் செய்யும், செலவு நூலுக்கு மட்டும்தான்.

மஞ்சப்பை வீட்டில் குவிந்து கிடக்கிறதே, அதை வைக்கலாமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் தொடங்கிய பிறகு பல வீடுகளில் அது கட்டுக்கட்டாக இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகத் தோதான பைதான். பிரிட்ஜில் வைப்பதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் ஒட்டினால் ஈரக் கீரைக்கு வேண்டாம், பூண்டு, சின்ன வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் துணிப்பையைவிட எவர்சில்வர் டப்பா ஒரு படி மேல். கட்டை அவிழ்த்து, அழுகியதைக் களைந்து, வேரை வெட்டி, கழுவாமல் ஒரு துணிமேல் இருபது முப்பது நிமிடம் பரப்பி வையுங்கள். இலையில் கை வைத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. தண்டு விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், விசிறிக்கடியில் மறந்துவிட்டால் வாடிப்போகும். டப்பாவின் அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணி, மேலே கொத்தமல்லியை அமுக்காமல் தளர்வாக, அதன்மேல் இன்னொரு துணி, பிறகு மூடி. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை திறந்தால் மூடியின் உள்பக்கம் நீர்த்துளிகள் நிற்கும். அதைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றி, கருத்த இலையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பத்து நாள் தாராளமாக இருக்கும், நல்ல கட்டாக இருந்தால் இரண்டு வாரம்கூட. வெட்டிய வேரைத் தூக்கி எறியாதீர்கள். மண் போகக் கழுவி நசுக்கி ரசத்தில் போட்டால் இலையைவிட வாசனை அதிகம்.

துணிக்குப் பதில் செய்தித்தாள் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம், ஈரம் பட்டால் காய்க்கு இறங்கும். உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் வைப்பதையும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பொதிவு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன.

கறிவேப்பிலையும் டப்பாவுக்கே. ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாமல் காயவைத்து மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரம் பச்சையாக இருக்கும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, அடியில் துணி போட்டு வைக்க வேண்டும். மிளகாய் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் காம்பைச் சுற்றித்தான். எலுமிச்சையை வலைப்பையில் போட்டால் ஒரே வாரத்தில் தோல் கல்லாகும், மூடிய டப்பாவில் ஒரு மாதம் சாறு குறையாது.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றும் மூடிய டப்பாவையோ ஈரத் துணிப்பையையோ கேட்கும். தழையோடு வாங்கினால் அன்றைக்கே தழையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். முள்ளங்கித் தழையைப் பொரியலாகச் செய்யலாம். வாடி வளைகிற கேரட் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டால் பெருமளவு விறைப்பு திரும்பும். அழுத்தினால் கொழகொழப்பாக இருந்தால், வழுவழுவென்று படலம் இருந்தால்தான் எறிய வேண்டும்.

முருங்கைக்காயை டப்பா அளவுக்கு நறுக்கி வைத்தால் வெட்டு முனைகள் காய்ந்து நாராகும். இரண்டாக மட்டும் வெட்டி, ஈரத் துணிப்பையில் படுக்க வைத்து, நாலு நாளுக்குள் சாம்பாரில் போட்டுவிடுங்கள். பாதி வெட்டிய சுரைக்காய், புடலங்காய்க்கும் வெட்டுப்பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் மூடினால் போதும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

பையே வேண்டாம் என்கிற கூட்டமும் இருக்கிறது. கத்தரிக்காய்க்கு 10, 12 டிகிரிதான் ஏற்றது, பிரிட்ஜில் வைத்தால் விதைகள் பழுப்பாகும். இரண்டு நாளுக்குள் சமைப்பதாக இருந்தால் வெளியே, நிழலில். தக்காளி செங்காயாக இருந்தால் காம்புப் பக்கம் கீழே பார்க்க வெளியே அடுக்குங்கள், முழுக்கப் பழுத்த பிறகு பிரிட்ஜுக்கு. உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் கருகும். அதை இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள், வெங்காயத்திலிருந்து தள்ளி. தோல் பச்சையாக மாறியதைச் சமைக்க வேண்டாம்.

இனி அந்தப் பச்சைப் பைகள். இவற்றில் கலந்திருக்கும் ஜியோலைட் போன்ற தாது, காய் விடும் எத்திலீனை உறிஞ்சும் என்பது அடிப்படை. தத்துவம் சரிதான். ஆனால் மெல்லிய பையில் இருக்கும் தாது எவ்வளவு உறிஞ்சும், எப்போது தீர்ந்துபோகும் என்று கண்டுபிடிக்க வீட்டில் வழியில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்ட பொட்டலங்களாவது ஊதா நிறம் பழுப்பாக மாறி, தீர்ந்துவிட்டதைக் காட்டும். எத்திலீனைச் சமாளிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது: ஆப்பிள், பழுத்த மாம்பழம், பப்பாளி, கொய்யா இவற்றைக் காய்கறித் தட்டில் சேர்க்காமல் வேறு தட்டில் வையுங்கள். ஆப்பிளோடு வைத்த கேரட் கசக்கும், வெள்ளரி மஞ்சளாகும், கொத்தமல்லி பழுக்கும். அந்தப் பைகளுக்கு என் ஓட்டு இல்லை.

காசுக் கணக்கு எளிது. ஒரு கட்டு கொத்தமல்லி 15 ரூபாய், அதில் வாரம் பாதி குப்பைக்குப் போகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 390 ரூபாய். கொத்தமல்லி ஒன்றில் மட்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோலும் கொட்டையும் சேர்ந்த கணக்கு அது என்றாலும், நாலு பேர் வீட்டுக்கு 220 கிலோ. விளைவித்தவரின் உழைப்பும் தண்ணீரும் அதில் இருக்கிறது என்று நினைத்தால் மனசு பொறுக்காது. நாலு பேர் வீட்டுக்கு மூன்று துணிப்பை, மூன்று வலைப்பை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு டப்பா. இதற்கு மேல் வாங்க வேண்டியதில்லை.

பைகளைத் துவைப்பதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு முறை காலியானதும் உள்புறத்தை வெளியே திருப்பி உதறி, சாதாரண சோப்பில் கசக்கி, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் பருத்தி தண்ணீரை உறிஞ்சுவது குறைந்துவிடும், கீரையிலும் அந்த வாசனை ஏறும். புளித்த வாடை போகாவிட்டால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். துணியில் மிளகு தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் விழுந்து, கொதிநீருக்கும் போகவில்லை என்றால் பூஞ்சணம் நூலுக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பை இனி காய்க்கு ஆகாது. தையலைப் பிரித்து ஜன்னல் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.